அண்ணனிடம் பேச அத்தை படித்த பிரெஞ்சு

முதல் நாள் வகுப்பில், மேசைக்கு அடியில் என் மணிக்கட்டை அத்தை பிடித்த பிடி இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. பிடித்த வேகத்தில் என் கண்ணாடி வளையல் ஒன்று உடைந்து தரையில் விழுந்தது. வெளிநாட்டுக்கு வந்த மறுநாளே வளையல் உடைகிறதே, ஊரில் கணவர் நல்லபடியாக இருக்க வேண்டுமே என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். நான் அப்படித்தான். பஸ் கொஞ்சம் வேகமாகப் போனாலே முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிடுகிற ஆள். ஆனால் அத்தை அப்படியில்லை. புதுச்சேரிப் பக்கம் பாகூர் ஏரிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் வைத்துக்கொண்டு, கணவர் போனபிறகும் தனியாளாக நின்று பயிரிட்டவள். கரும்பு வெட்ட ஆள் வரவில்லையென்றால் வரப்பில் நின்று அவள் போடும் சத்தம் ரோட்டில் போகிறவர்களை நின்று பார்க்கவைக்கும். அந்த அத்தைதான் அன்று என் மணிக்கட்டை விடவே இல்லை. அவள் ஒருவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும் என்று பிரான்சில் கடலோரச் சிற்றூர் ஒன்றில் நடத்துகிற பிரெஞ்சு வகுப்பு அது. காலையில் பாடம், மதியம் ஊர் சுற்றல், தங்குவதற்கு உள்ளூர்க்காரர் ஒருவரின் வீடு. இப்படியும் ஒரு விடுமுறை உண்டு என்பதே எங்களுக்கு அதுவரை தெரியாது. வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் ஓய்வுபெற்ற ஜெர்மன் பல் டாக்டரும் அவர் மனைவியும், வருஷம் தவறாமல் ஏதாவது ஒரு நாட்டுக்குப் போய் ஏதாவது ஒரு மொழி படிக்கிற ஜப்பானியப் பெண்மணி ஒருவரும், இன்னும் சிலரும் இருந்தார்கள். எதற்காக பிரெஞ்சு படிக்க வந்தீர்கள் என்று ஆசிரியை வரிசையாகக் கேட்டார். சமையல் பிடிக்கும் என்றார் ஒருவர். ஒயின் பிடிக்கும் என்றார் டாக்டர், எல்லோரும் சிரித்தார்கள். ஆசிரியை ஆங்கிலத்தில் கேட்டதை நான் அத்தையின் காதில் தமிழில் சொன்னேன். அத்தை தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்கண்ணன்கிட்ட பேசணும்" என்றாள். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் ஆசிரியை, எவ்வளவு அழகான காரணம் என்று கையைத் தட்டினார். பாவம், அவருக்கு என்ன தெரியும்.

அத்தையின் அண்ணன், அதாவது என் பெரியப்பா, இளவயதிலேயே பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து போனவர். எங்கள் பக்கத்தில் அப்படிப் போனவர்களை 'சொல்தா' என்போம், வீட்டுக்கும் சொல்தா வீடு என்றே பெயர் வந்துவிடும். அங்கேயே ஒரு பிரெஞ்சுக்காரியைக் கல்யாணம் செய்துகொண்டார். குழந்தை இல்லை. அந்தப் பெரியம்மாவும் போய்ச் சேர்ந்தபிறகு முதியோர் இல்லம் ஒன்றில் இருந்தார். எத்தனை வருஷம் ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அத்தைக்கு அவரிடமிருந்து போன் வரும். வாயைத் திறந்தால் பாகூர்ப் பேச்சுதான். "இன்னா தங்கச்சி, ஏரி ரொம்பிச்சா? நாத்து வுட்டுட்டியா?" என்று கேட்பார். அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு மடையில் தண்ணீர் வந்ததா என்று விசாரிக்கிற மனுஷனை நாங்கள் கேலி செய்வோம்.

பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. உயிர் பிழைத்தார், ஒரு கையும் காலும் கொஞ்சம் திரும்பி வந்தன. ஆனால் தமிழ் திரும்பவில்லை. மூளையில் அடிபட்ட சிலருக்கு இப்படி ஆவதுண்டாம், ஒரு மொழி போய் இன்னொன்று தங்கிவிடுமாம். பிறந்ததிலிருந்து பேசிய பேச்சு போய், பிழைப்புக்குக் கற்றது மட்டும் மிஞ்சியது. அடுத்த ஞாயிறு போன் வந்தபோது அத்தை ஆசையாய் எடுத்து, "அண்ணே, எப்பிடி கீற?" என்று கேட்டாள். அந்தப் பக்கமிருந்து குழறிக் குழறி பிரெஞ்சு வந்தது. பிறகு அழுகை. அத்தை போனை வைத்துக்கொண்டு, "அண்ணே, இன்னா சொல்ற? இன்னா சொல்ற?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். கடைசியில் போனை அவள் கையிலிருந்து வாங்கி வைத்தேன்.

ஒவ்வொரு வாரமும் இதே கதை ஆனது. அவர் பேச்சில் ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. மமான், மமான் என்று. அம்மா என்று அர்த்தம், அந்த அளவுக்குப் புதுச்சேரியில் யாருக்கும் தெரியும். மற்றது என்னவென்று தெரிந்துகொள்ள, டவுனில் பிரெஞ்சு தெரிந்த பெரியவர் ஒருவரை அழைத்து வந்து போனில் பேசவைத்தோம். அன்னியக் குரலைக் கேட்டதும் பெரியப்பா பிரெஞ்சில் வணக்கம், நன்றி என்று இரண்டு மரியாதைச் சொல்லோடு போனை வைத்துவிட்டார். செல்போனில் மொழிபெயர்க்கிற ஆப் ஒன்றை என் மகள் போட்டுத் தந்தாள். அவருடைய குழறலுக்கு அது ஏதோ ரயில், சூப் என்று உளறியது. "எவன் வாயிலயோ பூந்து வந்தாதான் எங்கண்ணன் பேச்ச நான் கேக்கணுமா? நானே போயி கத்துக்கறேன்" என்று அத்தை அன்றே சொல்லிவிட்டாள். எழுபது வயதில், சர்க்கரை நோயோடு, தேய்ந்த முழங்காலோடு.

அந்த இல்லம் இருக்கும் இடத்துக்குப் பக்கத்து ஊரிலேயே இப்படி ஒரு வகுப்பு நடப்பதை என் மகள்தான் இணையத்தில் தேடிக் கண்டுபிடித்தாள். அத்தையின் மகன்கள் குதித்தார்கள். "அந்த ஊருல ஒனக்கு ஒண்ணு ஆச்சின்னா யாரு பாக்கறது?" என்றான் பெரியவன். அத்தை மசியவில்லை. தனியாக விடக்கூடாது, துணைக்கு வயசு பொருந்துகிற பெண் யாராவது போகட்டும் என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வில்லியனூரில் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்து அப்போதுதான் விருப்ப ஓய்வு வாங்கியிருந்தேன், கொஞ்சம் ஆங்கிலம் தெரியும், சின்ன வயதில் பள்ளியில் படித்து மறந்த பிரெஞ்சு இரண்டு வரி இருக்கும். மாட்டேன் என்று சொல்லவும் பயம், போகவும் பயம். விமானம் ஏறும்வரை எனக்கு ஒருநாளும் சரியாகத் தூக்கம் வரவில்லை.

போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக அண்ணனைப் பார்க்க ஓடுவாள் என்று நினைத்திருந்தேன். பஸ்ஸில் அரைமணி நேரம்கூட ஆகாது. "நாலு வார்த்தை கத்துக்கினு போலாம்டி. வெறும் வாயோட போயி நின்னா இன்னாத்துக்கு ஆவும்?" என்றாள். நியாயம்தான் என்று விட்டுவிட்டேன். சனிக்கிழமை வந்தது. முழங்கால் வலிக்கிறது என்றாள். ஞாயிற்றுக்கிழமை மழை என்றாள். பாகூரில் கொட்டுகிற மழையில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மடை திறக்கப் போகிறவள், அந்த ஊரின் பிசுபிசுத்த தூறலைக் காரணம் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. அத்தைக்கு வேறு ஏதோ பயம். அது என்னவென்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நாங்கள் தங்கிய வீட்டுக்காரம்மா நல்ல மனுஷி. கணவரை இழந்தவர், அத்தையைவிட இரண்டொரு வயது மூத்தவராக இருக்கலாம். அவர் சாப்பாட்டுத் தட்டை நீட்டி இன்னும் வேண்டுமா என்று கேட்பார். அத்தை கையை நீட்டி மறைத்து, வேண்டாம் வேண்டாம் என்பாள். நம் வீடுகளில் முதல் தடவை வேண்டாம் என்றுதான் சொல்வோம், பரிமாறுகிறவர் அதைக் காதிலேயே வாங்காமல் கரண்டியைக் கவிழ்ப்பார். அங்கே அப்படியில்லை. வேண்டாம் என்றதும் அவர் தலையை ஆட்டிக்கொண்டு பாத்திரத்தை உள்ளே எடுத்துப் போய்விட்டார். கேட்டு வாங்கிச் சாப்பிட அத்தைக்குக் கூச்சம். இப்படியே இரண்டு வேளை அரை வயிறாகப் போக, சர்க்கரை மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொண்டு வகுப்புக்கு வந்தவள், பாடத்தின் நடுவில் வேர்த்து விறுவிறுத்து மேசையில் சாய்ந்துவிட்டாள். கண் செருகியது. நான் அலறிய அலறலில் பல் டாக்டர் ஓடிவந்து அவள் வாயில் சர்க்கரைக் கட்டியை வைத்தார். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டாள். ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் நான் அவளுடைய மகன்களுக்கு என்ன பதில் சொல்வது என்பதுவரை யோசித்து முடித்திருந்தேன். அன்று முதல் வீட்டுக்காரம்மாவிடம் அவளுக்குப் பதிலாக வேண்டும் வேண்டும் என்று நானே கேட்டு வாங்கினேன். பெருந்தீனிக்காரி என்று நினைத்திருப்பார், போகட்டும்.

இரண்டாவது வாரத்தில் ஒருநாள் மதியம், எங்களையெல்லாம் சந்தைக்கு அழைத்துப்போய் ஆளுக்கொரு சாமானைத் தனியாகப் போய் வாங்கி வரச்சொன்னார் ஆசிரியை. எனக்கு வெண்ணெய், அத்தைக்குத் தக்காளி. நான் திக்கித் திணறி வெண்ணெயோடு வந்து சேர்ந்தேன். எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். அத்தை வரவில்லை. தக்காளிக் கடையில் கேட்டால், சேலை கட்டிய அம்மா இந்தப் பக்கமே வரவில்லை என்றார்கள். புது ஊரில் வாயைத் திறந்து வழி கேட்கத் தெரியாத பெண்பிள்ளை, கையில் போன் கிடையாது, கொண்டு வந்த போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிற பழக்கம். கடல் வேறு பக்கத்தில் இருந்தது. நான் அந்தக் கற்கள் பதித்த தெருக்களில் "அத்த! அத்த!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். ஜன்னல்களைத் திறந்து பார்த்தார்கள். அந்த ஊரில் அவ்வளவு சத்தமாக யாரும் யாரையும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பச்சைக் கம்பளிச் சட்டை, அதற்கு மேல் சுற்றிய முந்தானை, மடியில் காலிப் பை. பெரியப்பா இருக்கும் இடத்துக்குப் போகிற பஸ் நிற்கும் இடம் அது. எனக்கு வந்த கோபத்தில் அழுகை முந்திக்கொண்டது. "சொல்லாம வந்து ஒக்காந்துக்கினு இருக்கியே, நான் செத்துட்டேன் அத்த" என்றேன். அவள் என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பஸ்ஸு வந்துக்கினேதான் கீது. நிக்குது, கதவத் தொறக்குது, அந்தாளு என்னைப் பாக்கறான். ஏறத்தான் காலு வரல."

"ஏன் அத்த? நம்ம பெரியப்பாதான?" என்றேன்.

"மமான் மமான்னு எதுக்குச் சொல்லுதுன்னு நெனைக்கற? எங்கம்மா செத்தப்ப அண்ணனுக்காகக் காத்துக்கினு இல்லாம எடுத்துட்டோம் பாரு, அதத்தான் கேக்குது. எடுத்துடலாம்னு சொன்னவ நான்."

அந்தக் கதை எனக்கும் தெரியும். ஆனால் அதை அவள் இத்தனை வருஷம் மனசில் வைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது தெரியாது. அப்பாவைப் பெற்ற ஆயா இறந்தது கத்தரி வெயில் காலம். பெரியப்பாவுக்கு உடனே டிக்கெட் கிடைக்கவில்லை. மூத்த பிள்ளை வரட்டும் என்று ஒரு கூட்டம், உடம்பு தாங்காது என்று ஒரு கூட்டம். கடைசியில் அத்தைதான் எடுத்துவிடலாம் என்று சொல்ல, இளையவரான என் அப்பா கொள்ளி வைத்தார். கருமாதிக்கு வந்து சேர்ந்த பெரியப்பா மொட்டைத் தலையோடு பந்தலில் உட்கார்ந்திருந்தார். ஏன் எனக்காக நிறுத்தி வைக்கவில்லை என்று ஒருவரையும் கேட்கவில்லை. "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேக்கவே இல்லியேடி" என்றாள் அத்தை. "இப்பதான் கேக்குது. எனக்குத்தான் புரியல. புரிஞ்சிக்கினு இன்னா பண்ணப் போறனோ, அது வேற பயம்." இன்னொரு பஸ் வந்து நின்று கதவைத் திறந்தது. நாங்கள் இருவரும் அந்த ஓட்டுநரைப் பார்த்தோம். அவர் கதவை மூடிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் அத்தை ஆசிரியையிடம் போய் ஒரு வாக்கியம் வேண்டும் என்றாள். 'அண்ணே, என்மேல் கோபமா?' என்று கேட்க வேண்டும். அவர் சொல்லிக்கொடுத்ததை மதியம் முழுக்க வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். பஸ்ஸில் முணுமுணுத்தாள், இல்லத்தின் வாசலில் முணுமுணுத்தாள். எனக்கோ, பெரியப்பா ஆமாம், கோபம்தான் என்று சொல்லிவிட்டால் இவளை எப்படித் திரும்பக் கூட்டிப்போவது என்று கவலை. நீளமான வராந்தா. மருந்து வாசனையும் காபி வாசனையும் கலந்து வந்தன. நர்ஸ் முன்னால் நடந்தார். அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

பெரியப்பா ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். பட்டாளத்துக்காரர் உடம்பு பாதியாகியிருந்தது. தலையைத் திருப்பி அத்தையைப் பார்த்தார். நரைத்த தலை, மூக்குத்தி, முந்தானையை இழுத்துச் செருகியிருந்த விதம். அவருடைய முகம் அப்படியே கோணி, உதடு துடித்து, "மமான்" என்றார். அத்தை போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, படித்து வைத்திருந்ததைத் தப்பில்லாமல் கேட்டாள். என்மேல் கோபமா? அவர் கேட்ட மாதிரியே தெரியவில்லை. அவளுடைய கையைத் தன் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டு, "ழே பெர், மமான். ழே பெர்" என்றார். போனில் கேட்ட அதே குழறல்தான். ஆனால் இப்போது எதிரில் வாயசைவைப் பார்த்துக் கேட்டபோது ஒவ்வொரு எழுத்தும் புரிந்தது. பசிக்கிறது, தாகமாக இருக்கிறது, குளிர்கிறது, பயமாக இருக்கிறது என்று முதல் வாரத்திலேயே எங்களுக்கு நடத்திய பாடம் அது. நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். "பயமா கீதாம்டி" என்றாள். "அம்மா, எனக்குப் பயமா கீதுன்னு சொல்லுது. என்னைய இல்ல. அம்மாவக் கூப்புடுது."

அவளை அவர் தங்கையாகப் பார்க்கவே இல்லை. எங்கள் ஆயாவின் முகஜாடை அத்தைக்கு அச்சாக இருக்கும். போனில் அவள் குரலையும் அவர் அம்மா குரல் என்றேதான் கேட்டிருக்கிறார். நான் உன் தங்கை என்று அத்தை பிரெஞ்சில் ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். அவர் மிரண்டுபோய்க் கையை இழுத்துக்கொண்டார், அழ ஆரம்பித்துவிட்டார். அதற்குமேல் அத்தை சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்க அத்தனை தூரம் வந்தவள், கேட்பதற்கு ஆளில்லாமல் ஆனாள். கோபமா என்று கேட்டதற்கு அவளுக்கு இனிமேல் பதில் கிடைக்கப்போவதில்லை. அவர் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, நான் இங்கேதான் இருக்கிறேன் என்று பிரெஞ்சில் சொன்னாள். திரும்பத் திரும்பச் சொன்னாள். கொஞ்சம் கொஞ்சமாக அவர் அழுகை நின்றது. நான் வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்று அழுதேன்.

அதன்பிறகு மற்றவர்கள் ஒயின் தோட்டத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும் போன மதியங்களில் நாங்கள் அந்த வராந்தாவுக்குப் போனோம். காலையில் வகுப்பில் கற்றதை அத்தை மதியம் அவரிடம் செலவழித்தாள். சாப்பிட்டாயா, தூங்கினாயா, கால் வலிக்கிறதா. பெற்றவள் கேட்கிற கேள்விகளுக்கு நிறையச் சொற்கள் தேவைப்படவில்லை. அவர் அவள் வந்தால் சாப்பிட்டார். மாலையானால் முகம் வெளிறி, ஜன்னலில் யாரோ நிற்கிறார்கள் என்பார். எனக்கும் திரும்பிப் பார்க்கப் பயமாக இருக்கும். அத்தை எழுந்து போய்த் திரையை இழுத்துவிட்டு, யாருமில்லை, நான் இருக்கிறேன் என்பாள்.

வகுப்பு முடிந்து ஊர் திரும்புகிற நாள் நெருங்கியது. விடைபெறும்போது என்ன சொல்ல வேண்டும் என்று அத்தை ஆசிரியையைக் கேட்டாள். அவர் சொல்லிக்கொடுத்த சொல்லில் வருகிறேன் என்பது இல்லை என்று தெரிந்ததும், "அது வேணாம். போயிட்டு வரேன்னு எப்பிடிச் சொல்றது?" என்றாள். ஆசிரியை, மறுபடி எப்போது வருவீர்கள் என்று சந்தோஷமாகக் கேட்டார். இல்லை, எங்கள் ஊரில் கிளம்பும்போது அப்படித்தான் சொல்வோம் என்று நான் விளக்கினேன். அவர், சரி, அப்படியானால் 'ழெ ரெவியேன்' என்று சொல்லுங்கள் என்றார். திரும்பி வருகிறேன் என்று அர்த்தம். அத்தை கடைசி நாள் பெரியப்பாவின் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, அதைச் சொன்னாள். அழுவார், பிடித்துக்கொள்வார் என்று பயந்துகொண்டிருந்த எங்களுக்கு, அவர் சமாதானமாகத் தலையாட்டி நல்ல கையைத் தூக்கிக் காட்டியது பெரிய நிம்மதியாக இருந்தது. நல்லபடியாக முடிந்தது என்று பஸ்ஸில் பேசிக்கொண்டே வந்தோம்.

ஊருக்கு வந்தபோது கரும்பு வெட்டு தொடங்கியிருந்தது. அத்தை மறுநாளே வயலில் இறங்கிவிட்டாள். அந்த ஞாயிறு போன் வரவில்லை. அடுத்த வாரம் நர்ஸ் வீடியோவில் கூப்பிட்டார். நானும் போயிருந்தேன். திரையில் பெரியப்பா கோட்டு போட்டுக்கொண்டு, ஷூ மாட்டிக்கொண்டு, இல்லத்தின் முன்வாசல் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தினமும் காலையிலேயே ஷூ மாட்டிவிடச் சொல்கிறாராம். அம்மா திரும்பி வருகிறேன் என்று சொல்லிப்போயிருக்கிறாள், அவள் வரும்போது நான் இங்கே இருக்க வேண்டும் என்கிறாராம். சாப்பாட்டு அறைக்கு வரமாட்டேன் என்கிறார், இருட்டியதும் இரண்டு பேர் சேர்ந்து தூக்கித்தான் உள்ளே கொண்டுபோகிறோம் என்று நர்ஸ் சொன்னார். அத்தை திரையில் பேசினாள், நான் இங்கேதான் இருக்கிறேன் என்று வழக்கம்போலச் சொன்னாள். அவர் போனைப் பார்க்கவே இல்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்குப் புத்தி பெசகிப் போச்சும்மா. ரெண்டு நாள்ல மறந்துடும்" என்றான் பெரிய மகன். "எல்லாரும் சொல்றதுதான அத்த? யாரு கெளம்பினாலும் அப்பிடித்தான சொல்றோம்?" என்றேன் நான். வாரங்கள் போயின, அவர் மறக்கவில்லை. ஒவ்வொரு வீடியோவிலும் கோட்டு கொஞ்சம் தொளதொளவென்று ஆகிக்கொண்டே வந்தது. அத்தையும் சரியாகச் சாப்பிடுவதை விட்டாள். வெட்டுக்கு ஆள் வராதபோதுகூடச் சத்தம் போடவில்லை. ஒருநாள் வரப்பில் உட்கார்ந்திருந்தவள் என்னிடம், "ஒருதரம் அதுக்காகக் காத்திருக்காம எடுத்தேன். இப்ப அத காக்க வெச்சிட்டேன்" என்றாள். அவள் மறுபடி அங்கே கிளம்பப்போகிறாள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அத்தை திரும்பிப் போக விசாவுக்கு வேண்டிய அழைப்பை, நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்காரம்மாவே அனுப்பினார். நான் உடன் வருகிறேன் என்று, பயத்தோடுதான், சொன்னேன். "நீ வேணாம். ஒன்னையும் இழுத்துக்கினு போயி அங்க மாட்டிவுட முடியாது" என்றாள். ஊர் டாக்டர் அவளுடைய சிறுநீரகம் பற்றி ஏதோ சொல்லி இந்தப் பயணம் கூடாது என்றார். மகன்கள் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். அவள் சளைக்கவில்லை. போன மாதம் சென்னை விமான நிலையத்துக்கு அவளைக் கொண்டுவிடப் போனது நானும் என் கணவரும்தான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு, அதே பச்சைக் கம்பளிச் சட்டையில் நின்றாள். என் கன்னத்தைத் தடவினாள்.

"நான் போறேண்டி" என்றாள்.

எங்கள் வீடுகளில் அந்தச் சொல்லைச் சாவு வீட்டில்கூடச் சொல்லமாட்டோம், அங்கே ஒன்றும் சொல்லாமல் எழுந்து வருவோம். "இன்னா பேச்சு இது அத்த? போயிட்டு வரேன்னு சொல்லு" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வருவனான்னு எனக்கே தெர்ல. தெரியாதத எப்பிடிச் சொல்றது? ஒருத்தர்கிட்ட சொல்லிட்டுப் பட்டது போதாதா?" என்றாள். கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். சோதனை வரிசையில் அந்தப் பச்சைச் சட்டை தெரிகிறவரை நின்று பார்த்தேன்.

இப்போது பெரியப்பாவின் காலில் ஷூ இல்லை. வீட்டில் போடுகிற துணிச் செருப்போடு ஜன்னலோரம் உட்கார்ந்து அத்தை ஊட்டுகிற சூப்பைக் குடிக்கிறார். போனைத் திருப்பி எனக்குக் காட்டுகிறாள். அவளுடைய முகம் இளைத்திருக்கிறது, கணுக்கால் வீங்கியிருக்கிறது என்று நர்ஸ் தனியாக எனக்குச் செய்தி அனுப்பினார். விசா முடிய இன்னும் நாள் இருக்கிறது. அத்தை கரும்பைப் பற்றிக் கேட்கிறாள், ஏரியைப் பற்றிக் கேட்கிறாள். பேச்சு முடிந்தால், "வெச்சிடறேண்டி" என்கிறாள், அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும், 'வரேன்னு ஒரு வார்த்தை சொல்லேன் அத்த' என்று கேட்க வாயெடுக்கிறேன். கேட்டு, அவள் மறுபடியும் மாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், கேட்காமலே போனை வைத்துவிடுகிறேன்.